குந்தா – பில்லூர் நீர்ப்பிடிப்பில் வண்டலும் பூச்சிமருந்தும்: எப்போது, எங்கே, எதில் அளப்பது?

நீரோடி:
வணக்கம். எமரால்டு, அவலாஞ்சி பக்கம் தொடங்கி குந்தா ஆறு வழியாகப் பவானியில் சேர்ந்து பில்லூர் அணைக்குப் போகும் தண்ணீரில் வண்டலும் பூச்சிமருந்து எச்சமும் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு வருடம் தொடர்ந்து அளக்க வரைவு போட்டிருக்கிறோம். பில்லூரில் வண்டல் மேடிட்டுக் கொள்ளளவு குறைந்து வருவது எல்லோருக்கும் தெரியும். கோவை குடிக்கிற தண்ணீர் அது.

வரைவு இதுதான்: ஆறு இடங்கள். மாதம் ஒருமுறை, முதல் வாரத்தில், இடத்துக்கு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் கேனில் தண்ணீர். பாதி வண்டலுக்கு, பாதி பூச்சிமருந்துப் பரிசோதனைக்கு. வருடத்துக்கு 72 மாதிரி. ஆய்வகச் செலவு அதிகம் என்பதால் எண்ணிக்கையைக் கூட்ட முடியாது, மாற்றி அடுக்கலாம். எங்கே தப்பு இருக்கிறது, தயங்காமல் சொல்லுங்கள்.

வண்டல்மானி:
எண்ணிக்கை போதும், தேதிதான் தப்பு. மாதத்தின் முதல் வாரம் என்று நாள் குறித்துவிட்டால் பெரும்பாலும் தெளிந்த தண்ணீர்தான் கிடைக்கும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மழையில்லாத நாளில் ஓடையில் வினாடிக்கு அரை கனமீட்டர் ஓட்டம், லிட்டருக்கு 10 மில்லிகிராம் வண்டல் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 18 கிலோ மண் போகிறது. அதே ஓடை ஒரு கனமழையில் வினாடிக்கு 4 கனமீட்டர் ஓடி, லிட்டருக்கு 2,500 மில்லிகிராம் வண்டல் சுமந்தால், மணிக்கு 36 டன். அந்த ஒரு மணி நேரம் தெளிந்த ஓட்டத்தின் 83 நாளுக்குச் சமம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளை விட்டுவிட்டு முதல் வாரத்துக் கேனை வைத்து ஒரு வருடத்தின் மண் இழப்பைச் சொல்ல முடியாது.

ஆக 72-இல் பெரும்பங்கை மழைக்கு ஒதுக்குங்கள். அதிலும் தண்ணீர் ஏறும்போது ஒன்று, வடியும்போது ஒன்று. சிறிய நீர்ப்பிடிப்புகளில் பெரும்பாலும் ஏறும்போதுதான் மண் அதிகம். ஓடைப் படுகையிலும் நிலத்தின் மேல்தோலிலும் தளர்ந்து கிடந்த மண் முதலில் அடித்துக்கொண்டு வந்துவிடும். உச்ச ஓட்டம் வரும் நேரத்தில் கலங்கல் குறையத் தொடங்கியிருக்கும். ஒரே ஓட்ட அளவுக்கு ஏறும்போது ஒரு எண், இறங்கும்போது வேறு எண். இரண்டையும் எடுக்காமல் ஓட்டத்துக்கும் வண்டலுக்கும் கோடு போட்டால் கோடு பொய் சொல்லும்.

இடத்தேர்விலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எமரால்டு, அவலாஞ்சி தண்ணீர் சுரங்கம் வழியாக மின்நிலையத்துக்குப் போய்த்தான் கீழே வெளிவருகிறது. மின்நிலையத்துக்குக் கீழே ஓட்டம் கூடுவதும் குறைவதும் மின்தேவையைப் பொறுத்தது, மழையைப் பொறுத்தது இல்லை. அங்கே வைத்த இடத்தில் ‘இந்தச் சரிவிலிருந்து இவ்வளவு மண்’ என்று சொல்லவே முடியாது. பிரதான ஆற்றில் ஆறு இடத்துக்குப் பதிலாக ஒரு கிளை ஓடையைப் பிடியுங்கள். சோலைக்காட்டிலிருந்து இறங்கும் இடத்தில் ஒன்று, காய்கறி நிலங்களைத் தாண்டியதும் ஒன்று, ஆற்றில் சேரும் முன் ஒன்று. மேலே உள்ளது ஒப்பீட்டுக்கு. அது இல்லாவிட்டால் இயற்கையாக வரும் மண் எவ்வளவு, உழவால் வரும் மண் எவ்வளவு என்று பிரிக்க வழியே கிடையாது.

கல்வரப்பு:
வண்டல்மானி ஐயா சொல்வது சரி. ஆனால் அவலாஞ்சி மழை ராத்திரி இரண்டு மணிக்குப் பெய்தால் ஓடைக்குள் யார் இறங்குவது? உயிருக்கு ஆபத்து. யானை, காட்டெருமை நடமாட்டம் வேறு.

வண்டல்மானி:
யாரும் இறங்கக் கூடாது, கண்டிப்பாக. அதற்காகத்தான் ஏறுநீர்ப் புட்டி. மின்சாரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

செய்முறை: 500 மில்லி அகலவாய்க் கண்ணாடிப் புட்டி. இரண்டு துளையுள்ள அடைப்பான். 6 மி.மீ. உள்விட்டமுள்ள இரண்டு எவர்சில்வர் குழாய். முதல் குழாய் உள்ளே வரும் தண்ணீருக்கு. வெளியே தலைகீழ் ‘ப’ மாதிரி வளைந்து, வாய் நீரோட்டத்தை எதிர்நோக்கி இருக்க வேண்டும். இரண்டாவது காற்றுக்குழாய். அது முதல் குழாயின் வளைவுக்கு மேலே நன்றாக உயர்ந்து போய், மழை விழாதபடி நுனி கீழ்நோக்கி மடங்க வேண்டும். தண்ணீர் ஏறி முதல் குழாயின் வளைவைத் தொட்டதும் உறிஞ்சல் தொடங்கி ஒரே மூச்சில் புட்டி நிரம்பும். காற்றுக்குழாயின் உள்நுனி வரை தண்ணீர் வந்ததும் நின்றுவிடும்.

50 மி.மீ. ஜி.ஐ. பைப்பைப் பாறையில் போல்ட் அடித்து நிறுத்தி, கோடைக்கால நீர்மட்டத்துக்கு மேலே 15, 30, 50, 80 செ.மீ. உயரங்களில் நான்கு புட்டி கட்டினால், வெள்ளம் ஏறும் கட்டம் முழுக்கப் பதிவாகிவிடும். மறுநாள் வெளிச்சத்தில் போய் எடுத்துக்கொள்ளலாம், 24 மணி நேரத்துக்குள்.

கெடும் இடங்கள்: காற்றுக்குழாய் குட்டையாக இருந்தால் அதுவும் மூழ்கி, நிரம்பிய புட்டிக்குள் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும். மண் தங்கித் தங்கி உண்மையைவிட இரண்டு மடங்கு காட்டலாம். சருகும் தேயிலைக் கழிவும் வாயை அடைக்கும், மேல்பக்கம் கம்பி வலையைச் சாய்த்துக் கட்டுங்கள். இது கரையோர மேல்நீரை மட்டுமே எடுக்கும், பருமணல் குறைவாக வரும். வருடத்துக்கு நான்கைந்து முறையாவது பகலில், பாலத்தின் மேல் நின்று, ஆழம் முழுக்க எடுத்த மாதிரியோடு ஒப்பிட்டுத் திருத்தம் போட வேண்டும்.

நீரோடி:
ஆழம் முழுக்க என்றால் வாளியை இறக்கினால் போதாதா?

வண்டல்மானி:
போதாது. வாளி மேல்நீரை அள்ளும். மணல் அடியில் போகும். டி.எச்.-48 என்ற கைமாதிரிக் கருவியைத் தடியில் பூட்டி, மேலிருந்து அடிவரை ஒரே வேகத்தில் இறக்கி, அதே வேகத்தில் ஏற்ற வேண்டும். அந்த வேகம் நீரோட்ட வேகத்தில் 0.4 பங்குக்கு மேல் போகக் கூடாது. புட்டி கிட்டத்தட்ட 470 மில்லி கொள்ளும், 350 முதல் 440-க்குள் நிறுத்துங்கள். வழிந்தால் அந்த மாதிரியைக் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள், வைத்துக்கொள்ள ஆசைப்படாதீர்கள். அடியில் 9 செ.மீ. அளவுக்கு இதனால் எடுக்க முடியாது, அதை அறிக்கையில் எழுதிவிடுங்கள். மத்திய நீர் ஆணையத்தின் நிலையங்களில் மேலிருந்து 0.6 பங்கு ஆழத்தில் பஞ்சாப் புட்டி என்ற மாதிரிக் குப்பியால் எடுத்து, 0.2 மி.மீ.-க்கு மேல் பருமண், 0.075 முதல் 0.2 வரை நடுத்தரம், அதற்குக் கீழ் நுண்மண் என்று பிரிக்கிறார்கள். அதே எல்லைகளை வைத்துக்கொண்டால் பின்னால் அவர்களுடைய தரவோடு ஒப்பிடலாம்.

ஓட்டம் அளக்க: பாறையும் குழியுமான மலை ஓடையில் வேகமானியை நம்பாதீர்கள். கல் உப்பு போதும், அது எவ்வளவு நீர்த்துப்போகிறது என்பதிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடலாம். வினாடிக்கு ஒரு கனமீட்டர் ஓட்டத்துக்கு 2 முதல் 5 கிலோ உப்பை வாளியில் முழுதாகக் கரைத்து ஒரே வீச்சில் ஊற்றி, ஓடை அகலத்தைப் போல 25 மடங்கு தூரம் கீழே மின்கடத்துத்திறனை 5 வினாடிக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். எண் ஏறி இறங்கிப் பழைய நிலைக்கு வரும்வரை நிறுத்தக் கூடாது. இடையில் தேங்கிய மடு இருந்தால் உப்பு அங்கே தங்கிவிடும், அந்தத் துண்டைத் தவிருங்கள்.

ஆய்வகமேசை:
பூச்சிமருந்துப் பக்கத்துக்கு வருகிறேன். நீரோடி, பிளாஸ்டிக் கேன் வேண்டவே வேண்டாம். சைபர்மெத்ரின், லாம்ப்டா-சைஹலோத்ரின் போன்ற பைரெத்ராய்டு வகைப் பூச்சிமருந்துகள் தண்ணீரில் நிற்காது. பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும், கண்ணாடியிலும் ஓரளவு ஒட்டும். ஒரு லிட்டர் பழுப்புக் கண்ணாடிப் புட்டி, டெஃப்லான் உள்பூச்சுள்ள மூடி. புட்டியை 450 டிகிரியில் 4 மணி நேரம் சுட்டெடுங்கள், மூடியைச் சுடக் கூடாது, மெத்தனாலில் அலசினால் போதும். ஆய்வகத்தில் முழுப் புட்டியையும் எடுத்து, காலிப் புட்டியைக் கரைப்பானால் அலசி அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். பாதியை ஊற்றிப் பிரித்தால் அங்கேயே கணக்கு தப்பும்.

ஒரே விதிவிலக்கு கிளைபோசேட் என்ற களைக்கொல்லி. அதற்குக் கண்ணாடி ஆகாது, பாலிபுரொப்பிலீன் புட்டி. அது பொதுவான பலமருந்துச் சோதனையில் வரவும் வராது, தனியாகக் கேட்க வேண்டும். மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியையும் அப்படித் தனியாகத்தான் கேட்க வேண்டும். ஊட்டியில் உருளை இலைக்கருகலுக்கு அதிகம் அடிப்பது அதுதான், ஆனால் தண்ணீரில் அது சீக்கிரம் சிதைந்து எத்திலீன் தயோயூரியா ஆகிவிடும். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்காவிட்டால் ‘காணப்படவில்லை’ என்று தாள் வரும்.

எந்த மருந்து மண்ணோடு போகும், எது தண்ணீரோடு போகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. மருந்து ஒட்டிக்கொள்ளும் கரிமக் கார்பன் மண்ணில் 4 சதவீதம், வெள்ளத்தில் லிட்டருக்கு 2,500 மி.கி. வண்டல் என்று எடுத்துக்கொள்வோம். கார்போஃபியூரானில் கால் சதவீதம்தான் மண்ணில் ஒட்டும், மீதி முழுக்கக் கரைந்து போகும். இமிடாகுளோபிரிட் கிட்டத்தட்ட 2 சதவீதம். குளோர்பைரிஃபாஸ் 40 சதவீதத்துக்கு மேல். லாம்ப்டா-சைஹலோத்ரின் 97 சதவீதம். அதே சைஹலோத்ரின் லிட்டருக்கு 10 மி.கி. வண்டலுள்ள தெளிந்த நீரில் 10 சதவீதம்தான் மண்ணில் இருக்கும். அதனால்தான் ‘தண்ணீரை வடிகட்டிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை’ என்ற அறிக்கையை நான் ஏற்பதில்லை. வடிதாளில் தங்கியதை என்ன செய்தீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி.

செய்முறை: 0.7 மைக்ரான் கண்ணாடி இழை வடிதாள். வடிந்த நீர் தனி, தங்கிய மண் தனி. மண்ணில் மருந்து பார்க்க 5 கிராம் உலர்மண்ணாவது வேண்டும். வெள்ள நீரில் 2 லிட்டரிலேயே அது கிடைக்கும், ஆனால் கலங்கல் குறைந்தால் கிடைக்காது. எனவே 10 லிட்டர் எவர்சில்வர் குடத்தில் அள்ளி, மூடி, குளிரில் படியவைத்து மேல்நீரை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். படியும் வேகத்தைக் கூட்டப் படிகாரம் போடக் கூடாது. எடையும் கெடும், வேதியியலும் கெடும்.

கல்வரப்பு:
விவசாயிகள் பக்கத்திலிருந்து ஒன்று. மருந்து அடிக்கும் நாள் தெரியாமல் மாதிரி எடுத்தால் வீண். உருளைக்கு இங்கே மூன்று போகம்: நீர்போகம் ஜனவரி–பிப்ரவரி, கார்போகம் மார்ச்–ஏப்ரல், கடைபோகம் ஆகஸ்ட்–செப்டம்பர் நடவு. உருளை வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961-இல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, காலப்போக்கில் நடவின்போது கார்போஃபியூரான் குருணை போடுவது பழக்கமாகிவிட்டது. பரிந்துரை எக்டேருக்கு 65 கிலோ, 3 சதவீதக் குருணை. கார்போக நடவு முடிந்ததும் கோடைமழை வரும். கடைபோக நடவின்போது தென்மேற்குப் பருவமழை இன்னும் முடிந்திருக்காது. கரைகிற மருந்து, புதிதாகக் கொத்திய சரிவு, அடிக்கிற மழை, மூன்றும் ஒரே வாரத்தில் கூடுகிறது. அந்த வாரம்தான் மாதிரிக்குரிய வாரம்.

நிலக்காரர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். எந்தத் தோட்டம் என்று அறிக்கையில் காட்டமாட்டோம் என்று உறுதி கொடுத்தால் என்ன மருந்து, எந்த நாள், எத்தனை டேங்க் என்று அவர்களே சொல்வார்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் ஆய்வகத்துக்கு எந்த மருந்தைத் தேடச் சொல்வீர்கள்?

ஆய்வகமேசை:
கல்வரப்பு அண்ணா சொன்னது பெரிய விஷயம். கார்போஃபியூரானுக்கு இன்னொன்றைச் சேர்க்கிறேன். காரத்தன்மை கூடினால் அது விரைவாகச் சிதையும். பி.ஹெச். 9-இல் ஒரு நாள் கூடத் தாங்காது. புட்டியில் எடுத்ததும் பி.ஹெச். 4 பக்கம் வரும்படி சிட்ரேட் சேர்த்து, 4 டிகிரியில், வெளிச்சம் படாமல் வையுங்கள். 7 நாளுக்குள் பிரித்தெடுப்பு முடிய வேண்டும். சிதைபொருளான 3-ஹைட்ராக்சி கார்போஃபியூரானையும் சேர்த்துக் கேளுங்கள். இமிடாகுளோபிரிட் வெயிலில் சில மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஏறுநீர்ப் புட்டியைக் கரியநிறத் தகட்டால் மூடிக் கட்டுங்கள், ரப்பர் அடைப்பானை டெஃப்லான் டேப்பால் சுற்றுங்கள்.

பவானிக்கரை:
இத்தனை சிரமம் தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது. ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தில் குளோர்பைரிஃபாஸுக்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரை அனுமதி. ஆற்றில் அதன் பக்கத்தில் கூட வராது. அப்புறம் என்ன?

ஆய்வகமேசை:
அது மனிதன் குடிப்பதற்கான எல்லை, ஆற்றில் வாழும் உயிருக்கானது அல்ல. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நன்னீர் உயிர்களுக்குக் குளோர்பைரிஃபாஸில் வைத்த நீடித்த எல்லை (நீண்ட நாள் தொடர்ந்து பட்டாலும் தாங்கும் அளவு) லிட்டருக்கு 0.041 மைக்ரோகிராம். 30-க்கும் 0.041-க்கும் 700 மடங்குக்கு மேல் இடைவெளி. இமிடாகுளோபிரிட்டுக்கு நீர்ப்பூச்சிகளுக்கான நீடித்த அளவுகோல் லிட்டருக்கு 0.01 மைக்ரோகிராம். நம்முடைய 10500 பட்டியலில் இமிடாகுளோபிரிட்டும் இல்லை, கார்போஃபியூரானும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் கார்போஃபியூரானுக்குக் குடிநீரில் 7 மைக்ரோகிராம் வைத்திருக்கிறது. பட்டியலில் இல்லாததை யாரும் தேடுவதில்லை, தேடாததால் தண்ணீர் நல்லது என்று ஆகிவிடுகிறது. எனக்கு இதில் கோபமே உண்டு. மீன்குஞ்சும் நீர்ப்பூச்சிப் புழுவும் அழிந்த ஓடையில் தண்ணீர் மட்டும் ‘தரத்துக்குள்’ இருந்து என்ன பயன்?

ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைக் கேட்கும் முன் அளக்கக்கூடிய மிகக்குறைந்த அளவைக் கேளுங்கள். இமிடாகுளோபிரிட்டில் அவர்களுடைய எல்லை 0.1 என்றால், ‘காணப்படவில்லை’ என்ற முடிவு 0.01-ஐப் பற்றி எதுவும் சொல்லாது. மீட்பு, அதாவது சேர்த்த மருந்தில் சோதனையில் திரும்பக் கிடைக்கும் பங்கு, 70 முதல் 120 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்றும், உங்கள் ஓடைத் தண்ணீரிலேயே மருந்தைச் சேர்த்துச் சோதித்தார்களா என்றும் கேளுங்கள். சோலைத் தண்ணீரின் பழுப்புக் கரிமம் கருவியில் சமிக்ஞையை அமுக்கிவிடும்.

பவானிக்கரை:
சரி, ஒத்துக்கொள்கிறேன். குடிநீர் எல்லையை மட்டும் பார்த்துப் பேசினேன். அப்படியானால் கலங்கல்மானி ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் வண்டல் செலவாவது மிச்சமாகுமா?

வண்டல்மானி:
மிச்சமாகும், ஆனால் உடனே இல்லை. கலங்கல் எண்ணை வண்டல் எடையாக மாற்ற 25, 30 ஜோடி மாதிரியாவது வேண்டும். தெளிவிலிருந்து கடும் கலங்கல் வரை, ஏறும்போதும் வடியும்போதும். கலங்கல், எடை இரண்டையும் மடக்கையில் போட்டுக் கோடு வரைந்தால், திரும்ப எடையாக மாற்றும்போது குறைவாகவே காட்டும். அதற்கான திருத்தக் காரணியைப் பெருக்க மறக்காதீர்கள், பலர் விடுவது இங்கேதான். 860 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியில் அளப்பதாகப் பார்த்து வாங்குங்கள், தண்ணீரின் பழுப்பு நிறம் தொந்தரவு செய்யாது. கலங்கல் எண் 1,000-க்கு மேல் படிக்காத கருவியில் மாதிரியை நீர்த்து அளக்கலாம். ஓடையில் நிரந்தரமாக வைத்தால் பாசி படிந்து எண் மெல்ல மெல்ல ஏறும். வாரம் ஒருமுறை துடைத்து, துடைக்கும் முன் ஒரு எண், பின் ஒரு எண் குறியுங்கள்.

எடை பார்க்கும்போது புட்டி முழுவதையும் வடிகட்டச் சொல்லுங்கள். ஆய்வகங்கள் வழக்கமாக 100 மில்லி உறிஞ்சி எடுத்துப் பார்ப்பார்கள். மணல் கலந்த நீரில் அது குறைவாகவே காட்டும், ஏனென்றால் மணல் அடியில் தங்கிவிடும். 105 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் கலத்தில் ஆறவைத்து எடை. மலைச் செம்மண்ணின் நுண்களிமண் வடிதாளைச் சீக்கிரம் அடைக்கும். ஒரே தாளோடு மல்லுக்கட்டாமல் மூன்று நான்கு தாளில் பிரித்து வடியுங்கள்.

கல்வரப்பு:
மழை மழை என்றே பேசுகிறோம். கேத்தி பள்ளத்தாக்குப் பக்கம் போய்ப் பாருங்கள், கேரட் கழுவும் இயந்திரங்களிலிருந்து வெயில் காலத்திலும் செந்நீர் ஓடையில் இறங்கும். அந்த மண் வயலின் மேல்மண், மருந்து விழுந்த மண். ஓட்டம் குறைவாக இருக்கும் நாளில் அது வருவதால் செறிவு அதிகம், மீன்முட்டை கிடக்கும் கூழாங்கல் படுகையில் அப்படியே போர்வை மாதிரிப் படியும். மழை மாதிரியால் இதைப் பிடிக்க முடியாது. லாரி மார்க்கெட்டுக்குக் கிளம்பும் நேரத்தை ஒட்டித்தான் கழுவுவார்கள். காலை பத்து மணிக்குச் சாவகாசமாகப் போனால் ஓடை தெளிந்து சிரிக்கும். உங்கள் கிளை ஓடையில் கழுவுமிடம் இருந்தால் அதற்கு மேலும் கீழும் அரை மணிக்கு ஒருமுறை, கழுவத் தொடங்கும் முன்னிருந்து முடிந்து இரண்டு மணி நேரம் வரை கலங்கல் பாருங்கள். இரண்டு படிவுத்தொட்டியை வரிசையாக வைத்தால் பெரும்பகுதி மண்ணைத் தடுத்து வயலுக்கே திருப்பலாம், இயந்திரக்காரர்களுக்கும் அதில் ஆட்சேபம் இருக்காது.

ஆய்வகமேசை:
படுகை மண்ணையும் விட வேண்டாம். வருடத்துக்கு இரண்டு முறை, பருவமழைக்கு முன்னும் பின்னும். எவர்சில்வர் கரண்டியால் நீர் தேங்கும் எட்டுப் பத்து இடங்களில் மேல் 2 செ.மீ. மட்டும் வழித்து ஒன்றாகக் கலந்து, 63 மைக்ரான் சல்லடையில் ஓடை நீராலேயே சலித்து, கண்ணாடிச் சாடியில் உறையவையுங்கள். கரிமக் கார்பன் அளவும் கட்டாயம். அது இல்லாமல் இரண்டு இடத்துப் பைரெத்ராய்டு எண்ணை ஒப்பிட முடியாது.

நீரோடி:
மிகுந்த நன்றி. 72-ஐ இப்படி மாற்றுகிறோம். மூன்று இடம்: சோலைக்குக் கீழே, நிலங்களுக்குக் கீழே, ஆற்றில் சேருமுன். எட்டு மழை: கோடைமழை 2, தென்மேற்கு 4, வடகிழக்கு 2. கீழே உள்ள இரண்டு இடங்களில் ஒவ்வொரு மழைக்கும் கரைந்தது ஒன்று, மண்ணோடு ஒட்டியது ஒன்று, மொத்தம் 32. மழையில்லா நாள் மூன்று இடம் நான்கு முறை, 12. படுகை மண் 6. கேரட் கழுவல் 4. வெற்றுப் புட்டி (சுத்தநீர் மட்டும்), இரட்டை மாதிரி, மருந்து சேர்த்த மாதிரி என்று சரிபார்ப்புக்கு 10. கூட்டினால் 64, எதிர்பாராத பெருமழைக்கு 8 கையிருப்பு. வண்டல் எடையை மட்டும் உள்ளூரிலேயே பார்த்துக்கொள்கிறோம், தராசு 0.1 மில்லிகிராம் வரை படிக்கும். ஒன்று மட்டும் கேட்கிறேன்: சோலை இடத்தில் மழை மாதிரி எடுக்காமல் விட்டது சரியா?

வண்டல்மானி:
சரியில்லை. மருந்துக்கு வேண்டாம், வண்டலுக்கு வேண்டும். நான்கு ஏறுநீர்ப் புட்டியை அங்கேயும் கட்டுங்கள், ஆய்வகச் செலவு கூடாது. கையிருப்பு 8-இல் இரண்டை அங்கே ஒரு பெருமழையில் மருந்துக்கும் வையுங்கள். தெளிப்பின் சாரல் காற்றில் சோலைக்குள் போகிறதா என்று அது சொல்லும்.

ஆய்வகமேசை:
வெற்றுப் புட்டியை ஆய்வகத்திலேயே நிரப்பி மூடிவிடாதீர்கள். சுத்தநீரை ஓடைக்கரைக்குக் கொண்டுபோய், அங்கே திறந்து, அதே குழாய் வழியாக ஊற்றி, அதே ஐஸ் பெட்டியில் திரும்பக் கொண்டுவாருங்கள். இன்னொன்று: மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் ஐஸ் உருகிக் காகிதச் சீட்டு உரிந்துவிடும், பேனா மையும் கரையும். மாதிரியின் எண்ணை அட்டையில் பென்சிலால் எழுதி, மூடியின் கழுத்தில் நூலால் கட்டுங்கள். மருந்துப் புட்டியில் மார்க்கர் பேனாவே படக் கூடாது, அதன் கரைப்பான் கருவியில் தெரியும்.